உப்பளம் எந்த நிலைத் தொழில்? ராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஒரு விவாத இழை

பாடவேளை
5 ஜூலை 2025, காலை 7.10

மீன் பிடிப்பது முதன்மைத் தொழில். அதைப் பதப்படுத்துவது இரண்டாம் நிலை. ஏற்றி அனுப்புவதும் விற்பதும் மூன்றாம் நிலை. இதுவரை எந்தப் பிள்ளைக்கும் குழப்பம் இல்லை. வாலிநோக்கம் உப்பளத்தை எதில் வைப்பது என்று கேட்டால்தான் வகுப்பு மூன்றாக உடைகிறது. பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதால் விவசாயம் என்கிறது ஒரு பக்கம். கடலிலிருந்து எடுப்பதால் சுரங்கம் மாதிரி என்கிறது இன்னொரு பக்கம். மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவதால் தொழிற்சாலை என்கிறார்கள் மிச்சப் பேர். கருப்பட்டி, கரிமூட்டம், பாசி வளர்ப்பு, ஐஸ் கம்பெனி எல்லாவற்றிலும் இதே இழுபறிதான்.

என் கருத்து: எஸ்.பி.பட்டினத்திலிருந்து நரிப்பையூர் வரை நம் கடற்கரை முதன்மைத் தொழில் வட்டாரம். இரண்டாம் நிலை இங்கே பெயருக்குத்தான். மறுக்கிறவர்கள் ஊர், அளவு, செய்முறையோடு மறுத்தால் வகுப்புக்கு உதவும்.

போமே 25
5 ஜூலை 2025, காலை 9.25

உப்பு எப்படி வருகிறது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும் டீச்சர்.

கடல் நீர் போமே மானியில் (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) சுமார் 3 பாகை காட்டும். முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்திச் சேறு படிய விடுவார்கள். பிறகு ஆழம் குறைந்த பாத்திகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுவார்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரை வற்ற வைக்க, பாகை ஏறிக்கொண்டே போகும். வழியிலேயே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். 25 பாகையைத் தொட்ட பிறகுதான் தெளிநீரை (இப்படித் தெளிந்து அடர்ந்த உப்புநீர்) உப்புப் பாத்திக்குத் திறக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகத் திறந்தால் ஜிப்சம் உப்போடு வந்து சேரும்.

25-க்கும் 29-க்கும் நடுவில் விழுவதுதான் நல்ல உப்பு. அதைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே விழும். அந்த உப்பு கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மூட்டையிலேயே கசியும். அதனால் மிஞ்சிய கசப்பு நீரை வெளியே விட்டுப் புதுத் தெளிநீர் பாய்ச்ச வேண்டும். பாத்தித் தரை மிதித்து இறுக்கியதாக இருக்க வேண்டும். இளகிய தரையில் பலகை போட்டு வாரினால் உப்போடு களிமண்ணும் ஏறி வெள்ளை நிறம் போய்விடும். கோடையில் ஒரு கனமழை வந்தால் பாகை மளமளவென இறங்கி, வாரக் காத்திருந்த உப்பும் கரைந்துவிடும்.

இதில் விதை இல்லை, வளரும் உயிர் இல்லை. கடல் நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் கனிமத்தைப் பிரித்து எடுக்கிறோம். ஆகவே முதன்மைத் தொழில், அதிலும் கனிமம் எடுக்கும் வகை. சுரங்கம் என்று சொன்ன பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

கணக்கெடுப்பு
5 ஜூலை 2025, காலை 11.50

போமே 25 சொன்னதை அரசு வகைப்பாடும் ஒத்துக்கொள்கிறது. 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உப்பு எடுப்பது சுரங்கம், கல்குவாரிப் பிரிவில்தான் வருகிறது. ஆனால் அதே உப்பை அரைத்து அயோடின் கலந்து உணவு உப்பாக்கினால் உணவுப் பொருள் உற்பத்திக்குப் போய்விடும். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மாரியூர் – வாலிநோக்கம் வளாகத்தை எடுத்துக்கொண்டால், பாத்தியில் நிற்பவர் முதன்மைத் தொழிலில் இருக்கிறார், அயோடின் கலக்கும் இயந்திரத்தருகே நிற்பவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார். பொருள் ஒன்றே, வேலையின் கட்டம் வேறு. வகை பிரிக்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

பிள்ளைகள் தடுமாறும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இயற்கையாக வளர்ந்த கடற்பாசியைப் பறிப்பது கடல் மீன்பிடிப்போடு சேரும், பாசி வளர்ப்பது கடல்நீர் வளர்ப்பில் சேரும். இரண்டும் முதன்மை. கரையில் உட்கார்ந்து வலை பின்னிப் பழுது பார்ப்பது உற்பத்திப் பிரிவின் கீழ் வரும் பழுதுபார்ப்பு. படகுப் பழுதும் அப்படியே. பார்த்தால் சேவை மாதிரி இருக்கும், வகைப்பாட்டில் இரண்டாம் நிலை. ஐஸ் கம்பெனி உற்பத்தியில் கூட இல்லை. மின்சாரம், எரிவாயு, நீராவி வழங்கும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது.

பாடவேளை
5 ஜூலை 2025, மாலை 5.05

வலை பின்னுவது இரண்டாம் நிலையா! நாளைக்குக் கரும்பலகையில் அதைத்தான் முதலில் எழுதப் போகிறேன். கரிமூட்டம் எங்கே வரும்?

கண்மாய்க்கரை
5 ஜூலை 2025, இரவு 8.40

கரிமூட்டம் செய்முறையைப் பொறுத்து மாறும் டீச்சர். மரம் வெட்டின இடத்திலேயே பழைய முறையில் மூட்டம் போட்டால் காடுசார் தொழில், முதன்மை. ஆலையில் கலன் வைத்து மரத்தைக் காய்ச்சி வடித்தால் வேதிப்பொருள் உற்பத்தி, இரண்டாம் நிலை.

கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் நடப்பது முதல் வகை. சீமைக்கருவேல விறகை வெட்டிச் சில நாள் காய விடணும். பச்சை விறகைப் போட்டால் ஈரத்தை விரட்டுவதற்கே பாதி விறகு எரிந்து போகும். தடித்த கட்டை நடுவில், சுள்ளி வெளியே. மேலே வைக்கோல் போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசி, அடியில் காற்றுத் துளை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை, அது தண்ணீர் ஆவியாவது. புகை நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது, துளைகளை அடைக்கலாம். பிறகு ஆற வேண்டும். மண்பூச்சில் வெடிப்பு விட்டால் காற்று நுழைந்து உள்ளே எல்லாம் சாம்பலாகிவிடும். ஆறும் முன் பிரித்தால் கரி மறுபடி பற்றிக்கொள்ளும். இரவில் ஆள் காவல் இருப்பது திருட்டுக்குப் பயந்து அல்ல, வெடிப்புக்குப் பயந்து.

நாலு, அஞ்சு டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும். அந்த எடைக் குறைவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், தொழில் எந்த இடத்தில் அமையும் என்று சொன்ன வெபரைப் பேசும்போது வேண்டியிருக்கும்.

மிதவை 20
6 ஜூலை 2025, காலை 6.30

கண்மாய்க்கரை அண்ணே வெபர் பேரை எடுத்துவிட்டார், அங்கிருந்தே தொடர்கிறேன்.

ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் வைத்த கணக்கு எளிமையானது. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கிடைக்கும் மூலப்பொருளின் எடையை, உண்டாகும் பொருளின் எடையால் வகுக்க வேண்டும். அந்த விடைதான் குறியீடு. அது 1-க்கு மேல் போகப் போக, அந்தத் தொழில் மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை விட்டு நகராது. நம் கரைக்கு இதைப் போட்டுப் பார்த்தால்:

பச்சைப் பாசியிலிருந்து காய்ந்த பாசி, சுமார் 10. பதநீரிலிருந்து கருப்பட்டி, சுமார் 8. விறகிலிருந்து கரி, 4 முதல் 5. பழ மிளகாயிலிருந்து வத்தல், சுமார் 4. உப்பு இதில் எல்லாம் அடங்காது, டன் உப்புக்குப் பல பத்து டன் கடல்நீர் ஆவியாக வேண்டும்.

ஆகவே காய வைப்பது, காய்ச்சுவது, மூட்டம் போடுவது எல்லாம் இங்கேயே நடக்கின்றன. அதோடு எடை குறைவது முடிந்துவிடுகிறது. வத்தலைப் பொடியாக்கினால் எடை மாறாது, உப்பில் அயோடின் கலந்தாலும் மாறாது, குறியீடு 1-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கட்டங்களுக்கு இங்கே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தை, துறைமுகம், ரயில், வங்கி எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடும். இரண்டாம் நிலை இங்கே பெயருக்குத்தான் என்று டீச்சர் சொன்னதற்கு என் பதில் இதுதான்: இரண்டாம் நிலையின் முதல் படி இங்கே இருக்கிறது, லாபம் கூடுதலான அடுத்த படி லாரி ஏறிப் போகிறது.

பாம்பன் காற்று
6 ஜூலை 2025, காலை 10.15

மீனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மீன் எடையைவிட நேரத்துக்குத்தான் கட்டுப்படும். வெப்பமண்டலத்தில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பது பழகிய விகிதம். ஐஸ் குறைந்தால் முதலில் செவுள் வெளுக்கும், அடுத்து வயிறு இளகும், விலை பாதியாகிவிடும். ஐஸ் கட்டியைப் பெரிதாக உடைத்து அடுக்கினால் மீன்மேல் முழுக்கப் படாது, தோலையும் கீறிவிடும். தூளாக்கி, அடியில் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மேலே மறுபடி ஐஸ் என்று போட்டு, உருகும் நீர் வடிய வழி விட வேண்டும். தண்ணீர் தேங்கிய பெட்டியில் மீன் ஐஸுக்கு நடுவிலேயே கெட்டுப் போகும்.

வெபர் எங்கும் கிடைக்கும் பொருளுக்கு உதாரணமாகத் தண்ணீரைத்தான் சொல்வார். ராமேசுவரம் தீவில் நல்ல தண்ணீர் எங்கும் கிடைக்கும் பொருள் இல்லை. ஐஸ் கம்பெனிக்கு வேண்டியது நன்னீர், மின்சாரம், கரைக்கு அருகில் இடம். மூன்றும் சேரும் இடம் கொஞ்சம்தான். அதனால் ஐஸ் கம்பெனிகள் கரையோரம் முழுக்கப் பரவாமல் சில இடங்களில் கொத்தாக நிற்கின்றன.

போமே 25
6 ஜூலை 2025, பகல் 12.20

மிதவை 20-க்கு ஒரு திருத்தம். உப்புக் குறியீட்டில் கடல்நீரைச் சேர்க்கக் கூடாது. கரையில் இருப்பவருக்குக் கடல்நீர் எங்கும் கிடைக்கும் பொருள், கணக்கில் எடை பெறாது. உப்பளத்தை ஓரிடத்தில் கட்டிப்போடுவது தட்டையான நிலம், நீர் இறங்காத களிமண், மழை குறைந்த நீண்ட வெயில் காலம், காற்று. வாலிநோக்கத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இவை இருக்கின்றன. மணல் மேடான இடத்தில் கடல் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் உப்பளம் போட முடியாது, தெளிநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

மிதவை 20
6 ஜூலை 2025, பகல் 1.45

சரியான திருத்தம். கடல்நீரை எடுத்துவிடுகிறேன், மற்றவை அப்படியே நிற்கும்.

பாசிக் கணக்கை விரித்துச் சொல்கிறேன், டீச்சர் வகுப்பில் போடலாம். வளர்ப்பது காப்பாபைகஸ் என்ற செம்பாசி. மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. மூலைகளில் குறுக்குக் கம்பு கட்டாவிட்டால் அலையில் சதுரம் சாய்ந்து கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கும். ஒரு மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் நாற்று. பெருக்கினால் 60 கிலோ. அடியில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் ஒரு மிதவை 200 முதல் 260 கிலோ வரை தரும். 240 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்று நாற்றுக்கு 60 போனால் மிச்சம் 180. காய்ந்தால் 18 கிலோ. விற்பது அந்த 18-தான். மணலில் காய வைத்தால் மணல் ஒட்டி விலை இறங்கும். பரண் கட்டியோ வலை விரித்தோ காய வைக்க வேண்டும்.

சிக்கல்கள் இரண்டு. வெயில் ஏறித் தண்ணீர் சூடானாலோ உப்புத்தன்மை திடீரென மாறினாலோ கிளைகள் வெளுத்து, இளகி, உடைந்து விழும். 2013 வாக்கில் இந்தக் கரையில் பாசி பெருமளவு அழிந்து உற்பத்தி சரிந்ததற்கு வெப்பம் பெரிய காரணம். இன்னொன்று வடகிழக்குப் பருவம். பாக் நீரிணையில் அலை ஏறும் மாதங்களில் மிதவை நிற்காது, அதனால் வருடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான். மன்னார் வளைகுடாப் பக்கம் ஒதுங்கலாமே என்று கேட்பார்கள். அங்கே 1986-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. குருசடைத் தீவில் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பவளம் போனால் மீன் வளமும் போகும். அங்கே தொடக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

இட அமைவில் ஒரு அழகான விஷயம். காய்ந்த பாசி எங்கேயும் போகலாம், அதிலிருந்து கராஜீனன் என்ற கூழ்மப் பொருளை எடுப்பது தூரத்திலும் நடக்கும். பயிருக்குத் தெளிக்கும் பாசிச் சாற்றைப் பச்சைப் பாசியிலிருந்துதான் பிழிய வேண்டும். பச்சையில் ஒன்பது பங்கு தண்ணீர், அதை லாரியில் சுமப்பது நட்டம். அதனால் சாறு பிழியும் ஆலை கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். மானாமதுரை அளவுக்குத் தள்ளிப் போகலாம், அதைத் தாண்டினால் கட்டாது. ஒரே பாசிக்கு இரண்டு விதமான இட அமைவு.

கண்மாய்க்கரை
6 ஜூலை 2025, இரவு 9.10

கடலையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி. விவசாயத்தையும் பார்ப்போம்.

1826-இல் வான் தூனன் ஒரு நகரத்தைச் சுற்றி வளையம் போட்டார். பாலும் காய்கறியும் முதல் வளையம், விறகு இரண்டாவது, பிறகு தானியம், கடைசியில் மேய்ச்சல். சந்தைக்கு எவ்வளவு தூரம், ஏற்றிப்போக என்ன செலவு, எத்தனை நாள் தாங்கும், இவைதான் பயிரைத் தீர்மானிக்கும் என்றார். எங்கும் ஒரே மண், ஒரே தண்ணீர் என்று வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும். ராமநாதபுரத்தில் பயிரைத் தீர்மானிப்பது சந்தைத் தூரத்தைவிட மடைத் தூரம். கண்மாய் மடைக்குக் கீழே முதல் வயல்களில் நெல், கடைமடையில் தண்ணீர் எட்டாத மேட்டில் மிளகாய், கொத்தமல்லி, பருத்தி, அதற்கும் அப்பால் பனையும் கருவேலும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு 48 மடை. ஒவ்வொரு மடைக்கும் கீழே நீளவாக்கில் தூனன் வளையம் படுத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வரைந்து காட்டலாம்.

விறகு வளையமும் இங்கே மாறிவிட்டது. விறகு கனம், தூரம் போகாது என்பதால் அவர் நகரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாம் அதைக் கரியாக்கி எடையைக் குறைத்துவிட்டோம், அதனால் கடைசி வளையத்தில் இருந்தும் வெளியூர் போகிறது.

முண்டு வத்தல் (உருண்டை மிளகாய் வத்தல்) பற்றி யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்கிறேன். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பு, மாசியிலிருந்து பறிப்பு. பழத்தைப் பறித்ததும் களத்தில் பரப்பக் கூடாது. ஒரு நாள் குவித்து மூடி வைத்தால் அரைகுறைப் பழமும் ஒரே நிறத்துக்கு வரும். பிறகு பரப்பிக் காய வைத்து, பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும். பனி இறங்கினால் வத்தல் வெளுத்துச் சோடையாகும். ஈரம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை மூட்டை பிடிக்கக் கூடாது. எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிக்கிற வேலை சில இடங்களில் நடக்கிறது. பூஞ்சை பிடித்து, நச்சு சேர்ந்து, ஏற்றுமதிக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள். ஒரு ஆள் தெளித்த தண்ணீருக்கு ஊர் முழுக்க விலை இறங்கும்.

கணக்கெடுப்பு
7 ஜூலை 2025, காலை 8.00

முதல் பதிவில் டீச்சர் சொன்ன “முதன்மைத் தொழில் வட்டாரம்” என்பதற்குத் திரும்புகிறேன். அதை எந்த அட்டவணையிலிருந்து எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை தேவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உழைப்பவர்களை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: சொந்தமாகப் பயிர் செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதரப் பணியாளர். மீனவர் இதரப் பணியாளரில் வருகிறார். ஆட்டோ ஓட்டுபவரும் அதில்தான், கோயில் அர்ச்சகரும், ஆசிரியரும் அதில்தான். ராமேசுவரம் நகரத்தில் இதரப் பணியாளர் அதிகம் என்று பார்த்ததும் சேவைத் தொழில் ஓங்கிய ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குள் எத்தனை பேர் கடலுக்குப் போகிறவர் என்று அந்த நான்கு கட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, 183 நாளுக்குக் குறைவாக வேலை செய்தால் குறுவேலை செய்பவர் என்று தனியாகக் கணக்கு. உப்பளத்தில் அரை வருடம், பாசி பறிப்பதில் சில மாதம், பனையில் ஒரு பருவம் என்று ஒரே ஆள் மூன்று தொழில் செய்யும் கரை இது. அவரை எந்தக் கட்டத்தில் போட்டாலும் மற்ற இரண்டு தொழில் காணாமல் போய்விடும். முதன்மை, இரண்டாம், மூன்றாம் நிலை என்ற மூன்று துறைப் பிரிவைப் பொருளியலாளர்கள் ஃபிஷர் 1935-லும் கிளார்க் 1940-லும் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு தொழில் என்ற நிலைக்குத்தான் அது நன்றாக ஒத்துவரும்.

பாம்பன் காற்று
7 ஜூலை 2025, காலை 11.35

அதற்கு நல்ல உதாரணம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முதன்மைத் தொழில் நின்றதும் இரண்டாம் நிலை எழுந்துகொள்கிறது. படகைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, இடுக்கில் பஞ்சு அடைத்து, பூச்சுப் பூசி, இன்ஜினைப் பிரித்து, வின்ச் கயிறு மாற்றும் வேலை முழுவதும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். தச்சர், வெல்டர், பெயின்டர், வலை பின்னுபவர் எல்லோருக்கும் அதுதான் உச்சகட்ட வேலை. ஐஸ் கம்பெனிக்கும் மண்டபத்து நண்டு கம்பெனிக்கும் அதே மாதங்களில் வேலை படுத்துவிடும். ஒரே கரையில் ஒரு கிளைத்தொழில் ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது. மீன்பிடிப்பு நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை.

நண்டு கம்பெனியை இரண்டாம் நிலைக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவித்த நண்டைப் பிரித்து, சதையை ஓடும் நரம்பும் இல்லாமல் எடுத்து, பெரிய கட்டி, சிறு கட்டி, கால் சதை என்று தரம் பிரிப்பது முழுக்கப் பெண்களின் கைவேலை. இயந்திரத்தால் சதையை உடையாமல் எடுக்க முடியாது. கட்டி உடைந்தால் ஒரு தரம் இறங்கும். ஓடு கழிவதால் எடை குறைகிறது, கெடும் பொருள், கைத்திறன் வேண்டும். மூன்று காரணமும் சேர்ந்து அதை மண்டபத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன.

வடக்குத்தெரு
7 ஜூலை 2025, இரவு 10.20

எல்லோரும் முதல், இரண்டாம் நிலையிலேயே நிற்கிறீர்கள். கீழக்கரை, பனைக்குளம் பக்கம் வீட்டுக்கு வருகிற பணம் வளைகுடா நாட்டில் சம்பாதித்தது. அது எந்த நிலை?

கணக்கெடுப்பு
7 ஜூலை 2025, இரவு 11.05

உழைப்பு அங்கே, வீடு இங்கே. தொழில் அங்கத்திய கணக்கில் சேரும், செலவு இங்கே கடை, கட்டடம், பள்ளி, மருத்துவமனை என்று மூன்றாம் நிலையை வளர்க்கும். ஒரு ஊரின் தொழிலை இரண்டாகப் பார்க்கிற முறை உண்டு: வெளிப் பணத்தை ஊருக்குள் கொண்டுவருவது அடித்தளத் தொழில், ஊருக்குள்ளேயே சுற்றுவது துணைத் தொழில். ராமேசுவரத்தில் லாட்ஜ் அடித்தளம், ஏனென்றால் தங்குகிறவர் வெளியூர்க்காரர். அதே தெருவில் உள்ளூர் வீடுகளுக்கு விற்கும் மளிகைக் கடை துணை. இரண்டும் சேவைத் தொழில்தான், ஊருக்குச் செய்யும் வேலை வேறு. கீழக்கரையில் அடித்தளப் பணம் வங்கிக் கணக்கு வழியாக வருகிறது, அடித்தளத் தொழில் உள்ளூரில் கண்ணுக்குத் தெரியாது. விவசாயத்திலிருந்து தொழிற்சாலை, அங்கிருந்து சேவை என்று படிப்படியாக ஏறும் பாதையைப் பாடத்தில் படிக்கிறோம். இந்த ஊர்கள் நடுப்படியைத் தொடாமலே தாண்டியவை.

வடக்குத்தெரு
8 ஜூலை 2025, காலை 6.50

அப்படியானால் மத்திய ஊர்க் கோட்பாட்டையும் (சுற்றுவட்டாரத்துக்குக் கடையும் சேவையும் தரும் ஊர் எங்கே அமையும் என்பது) இங்கே சரிபார்க்க வேண்டும். கிறிஸ்டாலர் 1933-இல் ஒவ்வொரு ஊரின் சுற்றுவட்டாரத்தையும் அறுகோணமாக வரைந்தார். கடற்கரை ஊருக்குப் பாதி அறுகோணம் தண்ணீரில் போய்விடும். கீழக்கரைக் கடைத்தெருவுக்கு வாடிக்கையாளர் வடக்கிலிருந்தும் கரையோரமாகவும் மட்டுமே வர முடியும். அதே மக்கள்தொகையைப் பிடிக்க உள்நாட்டு ஊரைவிட அதிகத் தூரம் நீள வேண்டும். பெரிய மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி போன்றவை கடலில் இருந்து உள்தள்ளிய ராமநாதபுரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், சாலைகள் அங்கேதான் கூடுகின்றன. ராமேசுவரம் அந்தக் கோட்பாட்டுக்குள் வராது. 22 தீர்த்தம் ஆட வருகிறவர் சுற்றுவட்டாரத்துக்காரர் அல்ல. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஏறும் கூட்டத்துக்குத் தகுந்தபடிதான் லாட்ஜும் வேனும் சாப்பாட்டுக் கடையும் கணக்குப் போடும், மற்ற நாட்களில் கூட்டம் குறையும்.

பாம்பன் காற்று
8 ஜூலை 2025, காலை 9.30

சரக்கு கை மாறும் இடங்களையும் சேருங்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்தபோது தனுஷ்கோடி ரயிலிலிருந்து கப்பலுக்கு ஆளும் சரக்கும் மாறும் ஊர். சுங்கம், தபால், விடுதி, கூலி எல்லாம் அந்த மாற்றத்தை நம்பி நின்றன. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாதையும் துறையும் போனதும் ஊர் மறுபடி எழவில்லை. பின்னால் நிலமோ ஆலையோ இல்லாமல் மாற்றத்தை மட்டும் நம்பும் ஊருக்கு வழி அறுந்தால் வேறு பிடிப்பு இல்லை. பாம்பன் பிழைத்துக்கொண்டது, அதற்கு மீன் இருந்தது. 1988-இல் சாலைப் பாலம் வந்த பிறகு மீன் லாரி தீவுக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் தூக்குப் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. அந்த இடைவெளியில் மண்டபத்தில் வேன், ஆட்டோ ஓட்டம் கூடியது இதே விதிப்படிதான்.

மிதவை 20
8 ஜூலை 2025, பகல் 2.10

ஆராய்ச்சி, அறிவு சார்ந்த நான்காம் நிலைக்கு மண்டபமே போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது, தலைமையகம் கொச்சிக்குப் போகும்முன் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. இப்போதும் அதன் நிலையம் இங்கே கடல்விரால் குஞ்சு பொரிக்க வைக்கிறது. ஆராய்ச்சி எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்பார்கள். தாய்மீனை வைத்து வளர்க்கச் சுத்தமான கடல்நீர் இடைவிடாமல் வேண்டும், அதை நகரத்துக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோக முடியாது.

பாடவேளை
8 ஜூலை 2025, இரவு 7.55

“பெயருக்குத்தான்” என்பதை எடுத்துவிட்டு வகுப்புக் கேள்வியை மாற்றி எழுதியிருக்கிறேன்: “ஒரு பொருளைத் தேர்ந்தெடு. அது உங்கள் ஊரை விட்டுப் போகும்வரை எத்தனை கட்டம்? எந்தக் கட்டத்தில் எடை குறைகிறது? அதற்குப் பிறகு எங்கே போகிறது?” வீட்டில் செய்து பார்க்க ஒரு செய்முறை வேண்டும். மிளகாய் சரிவருமா?

கண்மாய்க்கரை
8 ஜூலை 2025, இரவு 9.20

வரும் டீச்சர், ஆனால் இந்த மாதம் முண்டுப் பழம் கிடைக்காது, மாசி வரை பொறுக்கணும். இப்போதே செய்யப் பதநீர் இருக்கிறது, ஆடி முடிவதற்குள் சாயல்குடிப் பக்கம் வாங்கிவிடுங்கள். விடியற்காலை இறக்கியதாக இருக்கட்டும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் புளித்துவிடும், கூடினால் கருப்பட்டி கறுத்து இறுகாமல் போகும். எட்டு லிட்டரை அளந்து, அகலமான பாத்திரத்தில் காய்ச்சி, நுரை பொங்கும்போது ஆமணக்கு விதை இரண்டை நசுக்கிப் போட்டால் அடங்கும். பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்க வேண்டும், கரைந்தால் இன்னும் காய்ச்சணும். சிரட்டையில் ஊற்றி ஆறியதும் நிறுத்துப் பாருங்கள். எரித்த விறகையும் கட்டாயம் நிறுக்கச் சொல்லுங்கள். பனங்காட்டுக்குள்ளேயே விடிலி (காய்ச்சும் குடிசை) போட்டுக் காய்ச்சுவதற்குப் பதநீர் எடை பாதிக் காரணம், காய்ந்த பனைமட்டை அங்கேயே கிடப்பது மீதிக் காரணம்.